மோத்தாவுக்கு ஒரு கேக்

16 டிசம்பர் 2024, திங்கள். மார்கழி 1.

காலை 8.30 மணிக்கு மழைமானியில் 14.2 மில்லிமீட்டர். காற்று வடகிழக்கு. விடியற்காலை நான்கரை மணிக்குக் குளித்துவிட்டுச் சிவன் கோவிலுக்குச் சென்று வந்தேன். 1979 முதல் மார்கழியில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

நேற்று மாலை நடந்ததை நேற்றே எழுதியிருக்க வேண்டும். எழுத இயலவில்லை.

கஸ்பார் மோத்தாவின் தொண்டையில் இருப்பது புற்றுதான் என்று உறுதியாகிவிட்டது. குரல்வளை முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்கிறார் திருநெல்வேலி டாக்டரம்மாள். எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எடுக்காவிட்டால் ஆறு மாதத்துக்குக்கூட உறுதி இல்லை. ஜனவரி 8, புதன்கிழமை என்று நாள் குறித்திருக்கிறார். அதற்கு முன் ஒப்புதல் படிவத்தில் மோத்தா கையெழுத்திட வேண்டும். மோத்தா மாட்டேன் என்கிறார்.

மோத்தா துறைமுகத்தில், கப்பல்களுக்கு வழிகாட்டுபவரை ஏற்றிச் செல்லும் பைலட் படகின் செராங்காக இருந்தவர். படகுக்கு அவர்தான் தலைவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். நான் அதே துறைமுகத்தின் வானிலை நிலையத்தில் இருந்தேன். 2 டிசம்பர் 1981 அன்று, நான் ஏற்றச் சொன்ன புயல் கூண்டின் எண் பிழை என்று என் அலுவலக வாசலில் நின்று சத்தமிட்டார். பிழையில்லை என்பது பிற்பகலில் கடலே காட்டிவிட்டது. மாலை ஐந்தரை மணிக்கு மன்னிப்புக் கேட்க வந்தவர் ஏழரை வரை பேசினார். அன்று தொடங்கி நாற்பத்து மூன்று ஆண்டுகளாக, ஏறத்தாழ நாள்தோறும், ஐந்தரைக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் பேச வேண்டிய தேவை ஏற்பட்டதில்லை.

செப்டம்பரிலிருந்து அந்தக் குரல் கரகரத்துவிட்டது. நேற்று ரம்பம் அறுப்பதுபோல் இருந்தது.

"கழுத்துல ஒரு ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு விடணுமாம்வே. பேச்சு கிடையாது. மூக்கு இருக்குமாம், ஆனா மணம் தெரியாதாம். மூஞ்சிக்கு அழகா இருந்துட்டுப் போவட்டும்னு விட்டு வைக்காவ போல."

"உயிர் இருக்கும்லா, ஓய்?" என்றேன்.

"மீனுக்குக்கூடத்தான் உயிர் இருக்கு."

நான் விடவில்லை. ஒரு மணி நேரம் வாதாடினேன். முடிவில் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சரி, பிள்ளைவாள். போடுதேன் கையெழுத்து. ஒரு கண்டிசன். ஆறாந் தேதி எனக்குப் பொறந்த நாளு. ரொசாலி இருந்தவரைக்கும் வருசா வருசம் வீட்டுலயே கேக்கு செய்வா. கடைக் கேக்கு பொட்டிக்குள்ள வரும்போதே மணமெல்லாம் செத்துப்போயிருக்கும். அடுப்புல வேவும்போது வீடு பூரா ஒரு மணம் சுத்தும் பாரும், அது எனக்கு வேணும். கடைசியா ஒருக்க. அதை நீரு செய்யணும். உம்ம கையால. முட்டை உடைச்சு ஊத்தி."

காலஞ்சென்ற மனைவியின் கேக்கை என்னிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். காரணம் உண்டு. நான் சைவன், முட்டையைக் கையால் தொட்டதில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை, முப்பத்தெட்டு ஆண்டுகளாக மெஸ் சாப்பாடு. என் வீட்டில் அடுப்பு காபிக்கு வெந்நீர் வைத்ததற்கு மேல் ஒன்றும் அறியாது. நடக்காது என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்.

"கையெழுத்துக்குத் தேதியைச் சொல்லும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "ஆறாந் தேதி கேக்கு. ஏழாந் தேதி கையெழுத்து. எழுதிக்கிடும் உம்ம நோட்டுல."

எழுதிக்கொண்டேன். இருபத்தொரு நாட்கள் இருக்கின்றன.

17 டிசம்பர், செவ்வாய்.

மழை 3.0. ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று, கேக் செய்யும் வட்டத் தகரம் ஒன்று, கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கினேன். என்னிடமுள்ள வெப்பமானிகள் அறுபது பாகைக்கு மேல் காட்டா. இது ஒரு குறை.

18 டிசம்பர், புதன்.

தெருமுனை வீட்டு ஜெனோவா அம்மாள் கிறிஸ்துமஸ் கேக் செய்து விற்பவர். ஐம்பது வயதிருக்கும். நான் போனபோது முழங்கை வரை மாவோடு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நானே ஒரு கேக்கு தாரேன். நீங்க செஞ்சதுன்னு சொல்லிருங்க."

"அது பொய்."

"செராங்கு அண்ணாச்சி மட்டும் உங்ககிட்ட பொய்யே சொன்னதில்லையாக்கும்!"

நான் பேனாவைத் திறந்து காத்திருந்தேன். பெருமூச்சு விட்டுச் சொல்லத் தொடங்கினார். "ரெண்டு கப்பு மைதா…"

"எந்தக் கப்?"

"கப்புன்னா கப்புதான்."

"கப் என்பது ஓர் அளவை அன்று, அம்மா. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கப்."

அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குன்னே ஒரு கணக்கு இருக்கு. எங்க அம்மை சொல்லித் தந்தது. நாலு முட்டையை ஓட்டோட நிறுங்க. அந்த எடைக்கு வெண்ணெய், அந்த எடைக்குப் பொடிச்ச சீனி, அந்த எடைக்கு மைதா. போதுமா?"

இது அறிவுக்கு உகந்த முறை. எழுதிக்கொண்டேன். மேலும்: குக்கரின் அடியில் மணல் பரப்ப வேண்டும், தண்ணீர் கூடாது, மூடியில் கேஸ்கட்டும் விசிலும் கூடாது, சிறு தீயில் நாற்பத்தைந்து நிமிடம், ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது.

"முட்டை இல்லாமல் செய்ய வழி உண்டா?" என்றும் கேட்டேன். கேட்டதை மறைக்க விரும்பவில்லை.

"உண்டு. ஆனா அவுக முட்டை போட்டுல்லா கேட்டிருக்காக."

உண்மைதான்.

19 டிசம்பர், வியாழன். மார்கழி 4.

கோவிலிலிருந்து வந்ததும் கடையில் பத்து முட்டை வாங்கினேன். "வீட்டுக்கு விருந்தாளியா, அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். ஆம் என்றேன்.

முதல் முட்டை தரையில் விழுந்தது. இரண்டாவது என் சட்டையில். மூன்றாவது பாத்திரத்தில், ஓட்டுடன் சேர்ந்து. நான்காவதை உடைப்பதற்கு முன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். ஆனால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது முட்டை காலை 10.40 மணிக்குச் சரியாக உடைந்தது. மஞ்சள் கரு கலையாமல் கிண்ணத்தின் நடுவே நின்றது.

கையை நான்கு முறை கழுவினேன்.

முழங்கால் வலி. நாளை முதல் கோவிலுக்குப் போவதாக இல்லை.

20 டிசம்பர், வெள்ளி.

கடற்கரைக்கு நடந்து சென்று ஒரு பை நிறைய மணல் கொண்டுவந்தேன். போக வர நாலரை கிலோமீட்டர்.

21 டிசம்பர், சனி.

முதல் கேக். தோல்வி. காரணத்தை எழுதுகிறேன்.

மாவு சரியாகக் கூடியது. வெண்ணெயும் சீனியும் வெளுக்கும் வரை இருபத்திரண்டு நிமிடம் கையால் அடித்தேன். குக்கரில் மணலைப் பரப்பி, பத்து நிமிடம் சூடேற்றி, தகரத்தை வைத்து மூடினேன். சிறிது நேரத்தில் மணம் வந்தது. ஆனால் அது கேக்கின் மணம் அன்று. நான் மணல் அள்ளிய இடம் கருவாடு காயப்போடும் இடம். சூடு ஏற ஏற, அந்த மணலில் ஆண்டுக்கணக்கில் ஊறிப்போயிருந்த நெத்திலியும் சாளையும் உயிர்பெற்று எழுந்தன. எந்தக் கப் என்று கேட்கத் தெரிந்த எனக்கு எந்த மணல் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தரைக்கு மோத்தா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வே, பிள்ளைவாள்! முட்டையில ஆரம்பிச்சு அதுக்குள்ள மீனுக்கு வந்துட்டீரா?"

கேக்கைக் காட்டினேன். நிறம் நன்றாகவே இருந்தது.

"எங்க அம்மை ஆணைக்குச் சொல்லுதேன், நான் பொறந்ததுல இருந்து கடப்புறத்துல கெடக்கேன். கருவாட்டுக் கேக்கு இன்னைக்குத்தான்வே பாக்கேன்!"

சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமலுக்குப் பின் மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் போன்ற ஓர் ஒலி வந்தது. இது புதியது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

22 டிசம்பர், ஞாயிறு.

ஜெனோவா அம்மாள் கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: "இதை மோந்து பாத்துட்டுப் போடுங்க."

24 டிசம்பர், செவ்வாய்.

இரண்டாவது கேக். மணம் சரி. ஆனால் நடுவில் குழி விழுந்துவிட்டது. ஒரு சாண் அகலக் கேக்கில் நான்கு விரல் அகலப் பள்ளம்.

ஜெனோவா அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியை எத்தனை முறை திறந்தேன் என்று கேட்டார். குறிப்பேட்டைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, உயரம், நிறம், மேற்பரப்பின் தன்மை ஆகியவற்றை அட்டவணையில் பதிந்திருந்தேன். ஒன்பது வாசிப்புகள்.

"தொட்டில்ல புள்ள தூங்குதுன்னா, நிமிசத்துக்கு ஒருக்க தட்டி எழுப்பி 'தூங்குதியா'ன்னு கேப்பாகளா, அண்ணாச்சி? குளுந்த காத்து பட்டுப் பட்டு அமுங்கிப் போச்சு. வச்சா வச்சதுதான். முப்பத்தஞ்சு நிமிசத்துக்கு அங்கிட்டே திரும்பப்பிடாது."

பார்க்காமல் இருப்பது எனக்குப் பயிற்சியில்லாத வேலை. பழக வேண்டும்.

25 டிசம்பர், புதன். மார்கழி 10.

மோத்தா புதுச் சட்டையில் வந்தார். முப்பது ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் பூசையில் ஆண்கள் பக்கத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"பாட வாயைத் தொறந்தேன். பக்கத்துல நின்ன பிள்ளை பயந்து அழுதுட்டு" என்றார்.

பிறகு புதுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"பிள்ளைவாள், சாவுக்குப் பயந்து கையெழுத்துப் போடலைன்னு நெனைச்சீராக்கும். அது இல்லவே. நான் என்ன அழகனா, படிச்சவனா? வாயி ஒண்ணுதான் என்கிட்ட இருந்தது. ரொசாலி என்னையக் கெட்டுனதும் இந்த வாயைப் பாத்துத்தான். இந்த வாயும் போச்சுன்னா என்னைய யாருக்கு வேணும்? நீரே சொல்லும். நீரு என்னைய எதுக்கு வீட்டுக்குள்ள விட்டீரு? பேசுதேன்னுதானே?"

நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பேச்சு இல்லைன்னா எனக்கும் சாயங்காலம் பேப்பர் படிக்க நேரம் கிடைக்கும்" என்றேன்.

நகைச்சுவையாகத்தான் சொன்னேன். இந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் நான் நகைச்சுவை முயன்றது இது மூன்றாம் முறை. அவர் சிரிக்கவில்லை. 5.52 மணிக்கு எழுந்து போய்விட்டார்.

26 டிசம்பர், வியாழன்.

மோத்தா வரவில்லை.

27 டிசம்பர், வெள்ளி.

வரவில்லை. செய்தித்தாளை முழுவதும் படித்தேன், வரி விளம்பரங்கள் உட்பட.

28 டிசம்பர், சனி. மார்கழி 13.

காலை 9.10 மணிக்கு மஸ்கட்டிலிருந்து பிளாவியா பேசினாள். மோத்தாவின் ஒரே மகள்.

"பிள்ளை மாமா, டாக்டரம்மா எனக்கு போன் பண்ணுனாங்க. நேத்து அப்பாவைப் பரிசோதிச்சிருக்காங்க. கட்டி மூச்சுக்குழலை அடைக்குதாம். எட்டாந் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாதாம். மூணாந் தேதி வெள்ளிக்கிழமை. ரெண்டாந் தேதி சேக்கணும். நான் முப்பத்தொண்ணாந் தேதி வாறேன் மாமா. அப்பா என்கிட்ட போனை வச்சுட்டாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

உடனே மோத்தாவின் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக அவர்தான் என் வீட்டுக்கு வருவார். சாய்வு நாற்காலியில் இருந்தார். மாடிப்படி ஏறி வந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்னவே, பேப்பர் படிச்சு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

தேதி மாறியதைச் சொன்னேன்.

"பிளாவியா சொன்னா. நமக்குள்ள என்ன பேச்சு? ஆறாந் தேதி கேக்கு, பெறவு கையெழுத்து. மூணாந் தேதி அறுக்கணும்னா கேக்கு எப்ப? பொறந்த நாளுக்கு முன்னாலயா? நீரு சம்மதிப்பீரா? ஒரு வருசம் ஞாயித்துக்கிழமை வருதேன்னு ரொசாலி அஞ்சாந் தேதியே கேக்க வெட்டப் போனா. 'நாள் வரட்டும்'னு கத்தியைப் பிடுங்கி வச்சவரு யாருவே?"

நான்தான். 5 ஜனவரி 1986. கேக் மறுநாள்தான் வெட்டப்பட்டது.

"கேக்கு இல்லாம கையெழுத்து இல்ல. ஆறாந் தேதிக்கு முன்னால பொறந்த நாளு இல்ல. போயிட்டு வாரும்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் பயந்திருக்கிறார். தேதியை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதை அவருக்குக் கொடுத்தவன் நான்.

துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். எட்டரை மணி வாசிப்பை எட்டு இருபத்தொன்பதுக்கு எழுதியதில்லை. அதிகாலை வாசிப்பை முன்னிரவே எழுதிவைத்துவிட்டு உறங்கப்போன ஒருவரைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பி, அவர் மாற்றலானதற்கும் நானே காரணம்.

ஆறாம் தேதி முன்னால் வந்தாக வேண்டும். கொண்டுவருவேன்.

30 டிசம்பர், திங்கள்.

மூன்றாவது கேக். மூடியைத் திறக்காமல் இருப்பதற்காக மொட்டை மாடிக்குப் போய் முப்பத்தைந்து நிமிடம் மழைமானியின் அருகே நின்றேன். மழை இல்லை. இறங்கி வந்து ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தேன். சுத்தமாக வந்தது. பள்ளம் இல்லை. கருவாடு இல்லை.

ஜெனோவா அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, பரிச்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிய! நல்லாருக்கு. நெசமாத்தான்."

31 டிசம்பர், செவ்வாய்.

பிளாவியா வந்துவிட்டாள். படிவத்தை வாங்கி மூன்று பிரதிகள் எடுத்து வைத்தேன். நாளை காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டு அடுக்களை எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

6 ஜனவரி 2025, திங்கள். மார்கழி 22.

மேலே உள்ள தேதி பொய். இன்று 1 ஜனவரி, புதன். பிழையாக எழுதவில்லை, தெரிந்தே எழுதினேன். அடித்துத் திருத்தப்போவதில்லை.

பத்து மணிக்கு முட்டை, வெண்ணெய், குக்கர், ஆற்றுமணல் ஆகியவற்றோடு போய்ச் சேர்ந்தேன். பிளாவியா மோத்தாவின் நாற்காலியை அடுக்களை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். அவர் என்னையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னது மறந்துபோச்சாவே? இன்னைக்கு ஒண்ணாந் தேதி."

சுவரில் புதிய தினசரி காலண்டர் மாட்டியிருந்தார்கள். அதன் முன் போய் நின்று, ஒன்றாம் தேதித் தாளைக் கிழித்தேன். பிறகு இரண்டு. மூன்று.

"என்னவே செய்யுதீரு? புதுக் காலண்டர்வே!"

நான்கு. ஐந்து. கிழித்த தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஆறாந் தேதி" என்றேன். "மூன்று ராஜாக்கள் திருநாள். உமக்கு எழுபத்தாறு முடிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"வானிலைக்காரன் சொல்லுதேன்."

மோத்தா காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிளாவியா சிரித்தாள்; சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் வேலையைத் தொடங்கினேன். நான்கு முட்டையும் முதல் தட்டலிலேயே சரியாக உடைந்தன. குக்கரை மூடியபோது 10.52. அடுப்புக்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

பதினெட்டாவது நிமிடம் மணம் எழுந்தது. முதலில் வெண்ணெய். பிறகு சீனி சிவக்கும் வாசனை. அப்புறம் எல்லாம் ஒன்றாகி, அடுக்களையைத் தாண்டி, கூடத்தில் ரொசாலியின் படம் இருக்கும் இடம் வரை போயிற்று. மோத்தா கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்துக்கொண்டு உள்ளே போனது; ஆனாலும் இழுத்து இழுத்து வாங்கினார். இருபத்தேழு நிமிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் அறிந்தவரை அவர் விழித்திருந்து பேசாமலிருந்த மிக நீண்ட இடைவெளி இதுதான்.

கேக்கை வெட்டி, ஒரு சிறு துண்டைக் காபியில் நனைத்துக் கொடுத்தாள் பிளாவியா. மெதுவாக விழுங்கினார்.

"சீனி ஒரு பொடி கூட" என்றார்.

"எடைக்கு எடை போட்டேன், ஓய். கூட வாய்ப்பில்லை."

"எனக்கு எங்க தெரியுது, தின்னா நாக்குல ஒண்ணும் ஒறைக்கல. நீரு தின்னு பாத்துச் சொல்லும்."

நான் ஒரு துண்டை எடுத்தேன். வாயருகே கொண்டுபோனேன். மோத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். செராங்கின் பிடி இன்னும் செராங்கின் பிடிதான்.

"வையும்வே கீழ. சும்மா சொன்னேன். மார்கழி மாசம் கோவிலுக்குப் போவாம முட்டை உடைச்சிருக்கீரு. அது போதும். குருக்களு ரோட்டுல பாத்து, 'பிள்ளைவாளுக்கு என்ன, ஆளையே காணும்'னு கேட்டாரு. முழங்கால் வலின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"வலி உண்டு" என்றேன்.

"உண்டு, உண்டு. கடப்புறத்துக்கு மண்ணள்ளப் போவும்போது மட்டும் இருக்காது."

பிளாவியா படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்தாள். மோத்தா பேனாவை வாங்கினார், போடவில்லை.

"போட்டபெறவு நான் ஊமை. பாத்துக்கிடும். சாயங்காலமெல்லாம் உமக்குப் பேப்பர்தான்."

இதற்கான பதிலை ஏழு நாட்களாகத் தயாரித்து வைத்திருந்தேன். நன்றாக அமைந்த மூன்று வாக்கியங்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"பேப்பர்ல ஒண்ணுமே இல்லை, ஓய்" என்றேன். "ரெண்டு நாள் முழுசாப் படிச்சுப் பார்த்துட்டேன். நீர் பேசாட்டாலும் அஞ்சரைக்கு வாரும்."

"வந்து?"

"உட்காரும்."

"உக்காந்து?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மோத்தா குனிந்து கையெழுத்திட்டார். கீழே தேதிக்கான இடத்தில் தடித்த எழுத்தில் 6.1.2025 என்று எழுதினார்.

"அப்பா! இன்னைக்கு ஒண்ணாந் தேதிப்பா! ஆஸ்பத்திரியில ஒத்துக்க மாட்டாங்க!"

"வானிலைக்காரரு ஆறுன்னுட்டாரு. நான் என்ன செய்ய?"

இரண்டாவது பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அதில் 1.1.2025 என்று எழுதிக் கையெழுத்திட்டார். நேரம் பிற்பகல் 12.17. முதல் பிரதி என்னிடம் இருக்கிறது.

3 ஜனவரி 2025, வெள்ளி. மார்கழி 19.

காலை 7.40 மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிற்பகல் 1.25 மணிக்கு டாக்டரம்மாள் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, கட்டி முழுதும் எடுத்தாயிற்று என்றார். பிளாவியா என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் நேராக நின்றேன்.

காலையில் தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது மோத்தா என்னைக் கைகாட்டி அழைத்தார். குனிந்தேன். தம் குரலில் அவர் கடைசியாகப் பேசியதைச் சொல்லுக்குச் சொல் பதிகிறேன்: "வே, என் செருப்பைப் பாத்துக்கிடும். புதுச் செருப்பு."

வேறு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேனா என்பதை எழுத விரும்பவில்லை. செருப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

6 ஜனவரி 2025, திங்கள். மார்கழி 22.

இம்முறை தேதி உண்மை.

இன்றுதான் என்னை உள்ளே விட்டார்கள். பத்து நிமிடம் என்றார் நர்ஸ். மோத்தா தலையை உயர்த்திப் படுத்திருந்தார். கழுத்தில் குழல். மூக்கில் இன்னொரு குழல். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். வாய் அசைந்தது. ஒலி இல்லை. காற்று மட்டும் கழுத்தில் போய் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச வேண்டிய செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மழை அளவு, துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள், ஜெனோவா அம்மாளின் விசாரிப்பு, செருப்பு. நான்கையும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆயிற்று. தாளை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மோத்தா விரலைச் சொடுக்கினார். கட்டிலோரம் தொங்கிய சிலேட்டைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சின்மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினார். திருப்பிக் காட்டினார்.

"அறுத்தது தொண்டையைத்தான்வே, காதை இல்ல. பேசும்."

"என்ன பேச?" என்றேன்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எதுவேண்டுமானாலும் என்பதுபோல.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். 1974 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒன்பதாம் தேதி நான் முதன்முதலாகத் தனியாக ரயிலேறி வேலை தேடிச் சென்றதைப் பற்றித் தொடங்கினேன். ஏன் அதைத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் எனக்குக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் இருந்தாள் என்றேன். மோத்தாவின் புருவம் மேலே போயிற்று. அவர் கட்டிலில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்.

நர்ஸ் வந்து நேரம் முடிந்துவிட்டது என்றார்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றேன். "இன்னும் மதுரையே வரலை."